ஆப்பிரிக்காவில் நிலம் பிடிக்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 'ஆப்பிரிக்காவில் கண்ணுக்கெட்டிய தூரம் தரிசு, கறுப்பு மண், காலடியில் தண்ணீர், ஒரு வருடக் குத்தகை நம் ஊர் டீக்கடை பாக்கி அளவுதான்' என்று சுற்றுகிற அந்த வீடியோ இந்த மாதம் மட்டும் நான்கு பேர் வழியாக எனக்கு வந்துவிட்டது. நைரோபியில் ஒன்பது வருடம் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியவன் என்று தெரிந்ததும் கையோடு போனும் வருகிறது. "போகலாமா சார்? நம்பலாமா சார்?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கொங்கு நாட்டு விவசாயிக்குச் சொட்டுநீர் தெரியும், விதை தெரியும், சந்தை தெரியும். போனால் பிழைத்துக்கொள்வீர்கள். என் கேள்வி வேறு: அங்கே யாரிடம் கையெழுத்து வாங்கப் போகிறீர்கள்?

சில வருடங்களுக்கு முன் ஈரோட்டுப் பக்கத்து நண்பர் ஒருவர் மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரியை ஒட்டிய சியாயா பகுதியில் நிலம் பார்க்க வந்தார். நவம்பர் மாதம், சின்ன மழைக்காலம். அரைகுறை சுவாஹிலியோடு நானும் துணைக்குப் போனேன். புரோக்கர் காட்டிய முதல் நிலத்தைச் சுற்றி திருகுகள்ளி வேலி. நம் ஊர்த் திருகுகள்ளியேதான்; அதன் தாவரவியல் பெயரிலும் நம் பக்கத்துச் சொல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே மக்காச்சோளம், இடையில் பீன்ஸ். ஒரு பெண் குனிந்து ஜெம்பேயால் களை கொத்திக்கொண்டிருந்தார். ஜெம்பே என்றால் நம் மண்வெட்டியின் தங்கச்சி, காம்பு மட்டும் நீளம்.

"அது யார்?" என்றேன். "மாமா. இங்கே வேலை பார்க்கிறவர்" என்றார் புரோக்கர். அங்கே மாமா என்றால் அம்மா. வயதுவந்த எந்தப் பெண்ணும் மாமாதான்.

கிட்டே போய்ப் பேசியபோது கதை வேறாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பத்தொன்பது வருடமாக அந்த ஷம்பாவில், அதாவது வயலில், விதைப்பதும் அறுப்பதும் அவர்தான். மாமரத்தடியில் சிமெண்ட் பூசிய இரண்டு கல்லறைகள். ஒன்று மாமியாருடையது, மற்றது கணவருடையது. நிலப் பத்திரம் மாமனார் பெயரில். மாமனார் கிசுமுவில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். புரோக்கரைப் பிடித்தது அந்த மூத்த மகன்.

வண்டிக்குத் திரும்பும்போது நண்பர் கேட்டார்: "பெரியவர் சம்மதிச்சிட்டாரு, பத்திரமும் சுத்தமா இருக்கு. அப்புறம் இந்தம்மாகிட்ட எதுக்குக் கேக்கணும்?"

நியாயமான கேள்விதான், பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பத்திரம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால்தான் அதில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் காகிதத்தின் பூர்வீகம் இது.

வெள்ளைக்காரன் கென்யாவில் நிலம் எடுக்கத் தொடங்கியபோது புதுச் சட்டம் எழுதக்கூட மெனக்கெடவில்லை. மொம்பாசாவிலிருந்து ரயில் போட நிலம் வேண்டியிருந்தது. நம் மேல் ஏவிய 1894-ஆம் வருட இந்திய நில எடுப்புச் சட்டத்தை 1897-ல் அப்படியே அங்கே கொண்டுபோய் விரித்தான். நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் இன்றும் பேர் அடிபடும் 1882 சொத்து மாற்றுச் சட்டமும் கப்பலேறியது. கென்யா அதை ரத்து செய்தது 2012-ல்தான். ஆகவே அந்த நிலக் கதையில் நாம் முழுக்க அந்நியர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அடுத்து 1902-ல் அரசு நிலச் சட்டம். குடியேற வரும் வெள்ளையருக்கு 99 வருடக் குத்தகை. அது போதாது என்று அவர்கள் முணுமுணுக்கவே, 1915-ல் 999 வருடமாக்கினார்கள். எழுத்துப்பிழை இல்லை, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுதான். 1921-ல் ஒரு வழக்கில் நீதிமன்றம் முடிவாகச் சொன்னது: ஆப்பிரிக்கர்கள் தங்கள் பூர்வீக நிலத்தில் இருப்பது மன்னர் விரும்பும்வரை மட்டும், அவர் நினைத்தால் எப்போதும் வெளியேற்றக்கூடிய குத்தகைக் குடிகள். உங்களுக்கு வரும் வீடியோவில் 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று ஒரு வரி ஓடுகிறதே, அதன் மூலப்பிரதி இதுதான்.

அதற்கு முன்னால் நிலம் பெண்கள் பெயரில் இருந்ததா? இல்லை. யார் பெயரிலும் இல்லை. குலத்தின் நிலம், அதில் கல்யாணமாகி வருகிறவளுக்கு ஒரு தோட்டம், தனிக் குடிசை, தனிக் குதிர். அதைப் பொற்காலம் என்று நான் கொண்டாட மாட்டேன். சபையில் பேசியது அப்போதும் ஆண்கள்தான். கணவன் செத்தால் அவன் தம்பியோடு சேர்ந்து வாழ வேண்டும் என்ற வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஆனால் ஒன்று: அவள் தோட்டத்தை அவளுக்குத் தெரியாமல் ஒருத்தன் தனியாக விற்றுவிட்டுப் போக வழியே இல்லை. விற்க வேண்டுமானால் முதலில் அது 'அவனுடையது' ஆக வேண்டுமே.

அவனுடையது ஆக்கிய கதைதான் அடுத்தது. குடிசை வரி போட்டார்கள். ஒவ்வொரு மனைவிக்கும் ஒரு குடிசை, ஒவ்வொரு குடிசைக்கும் வரி. வரிக்கு நாணயம் வேண்டும், நாணயம் வெள்ளையர் தோட்டத்தில்தான் கிடைக்கும். ஆண்கள் கூலிக்குப் போனார்கள், ஊரில் விவசாயம் முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்தது. மண்ணரிப்பைத் தடுக்க வரப்பு வெட்டு என்று கட்டாய வேலையும் அவர்கள் தலையில்தான். 1940-களின் கடைசியில் முராங்கா பகுதிப் பெண்கள் 'வெட்ட மாட்டோம்' என்று கூட்டமாக மறுத்ததே இதற்காகத்தான்.

1952-ல் வெள்ளையர் ஆட்சிக்கு எதிராக மாவ் மாவ் எழுச்சி, நெருக்கடி நிலை. மத்திய கென்யாவின் கிக்கூயு இனத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் முகாம்களில் அடைபட்டார்கள். 1954, 55-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், முள்வேலி போட்ட 800-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குள் தள்ளினார்கள். சுற்றி அகழி வெட்டியதும் அந்தப் பெண்கள்தான். சரியாக அந்தச் சமயத்தில், 1954-ல், வேளாண் துறை அதிகாரி ஸ்வின்னர்டன் ஒரு திட்டத்தை நீட்டினார். சிதறிக் கிடக்கும் துண்டு நிலங்களை ஒன்றாக்கு, ஒருத்தர் பெயரில் பதிவு செய், பத்திரம் கொடு, அதை வைத்துக் கடன் வாங்கட்டும், காப்பிச் செடி வைக்கட்டும்.

நீங்கள் விவசாயம் தெரிந்தவர்கள். யோசனை மோசமில்லை என்றுதான் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. ஸ்வின்னர்டன் வில்லன் கிடையாது. ராத்திரி கண்விழித்து அறிக்கை எழுதும் நல்ல அதிகாரி ரகம். திறமையுள்ளவனும் பணக்காரனும் மேலும் நிலம் வாங்குவான், மற்றவன் இழப்பான், நிலமுள்ள வர்க்கம் நிலமற்ற வர்க்கம் என்று இரண்டு உண்டாகும், ஒரு நாட்டின் வளர்ச்சியில் அது சகஜம் என்று ஒளிவுமறைவில்லாமல் அறிக்கையிலேயே எழுதி வைத்தார். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. 'ஒருத்தர் பெயரில்' என்றால் யார் பெயரில்? குடும்பத் தலைவர். குடும்பத் தலைவர் என்றால் ஆண். கேள்வியாகக்கூட அது எழவில்லை. புருஷன் முகாமில் இருக்க மண்ணைக் கொத்திக்கொண்டிருந்த பெண்ணின் உரிமை எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதப்படாதது இல்லாமல் போயிற்று.

1963-ல் சுதந்திரம் வந்தது. அதே வருடம் பதிவு நிலச் சட்டமும் வந்தது. பத்திரத்தில் பெயர் உள்ளவரே முழு உரிமையாளர். நாடு முழுக்க அளவை நடந்தது, கிக்கூயு நாட்டில் தொடங்கிய அந்தக் காகிதம் சியாயாவின் திருகுகள்ளி வேலிவரை வந்து சேர்ந்தது. இதன் கூர்மை தெரிய ஒரு வழக்கு போதும். 1973-ல் எசிரோயோ என்ற தந்தை தன் சொந்த மகன்களையே நிலத்தைவிட்டு வெளியேற்றக் கோரினார். வழக்கப்படி எங்களுக்கும் பாத்தியதை உண்டு என்றார்கள் மகன்கள். பதிவு ஆனபோதே வழக்க உரிமை அழிந்துவிட்டது என்றது நீதிமன்றம். குலத்தின் ஆண்பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால் வந்த மருமகளை யார் கணக்கில் எடுப்பார்கள்?

இன்றைய சட்டம் அவ்வளவு மோசமில்லை. 2010 அரசியலமைப்பு நிலத்தில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. குடும்ப நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கணவனோ மனைவியோ மற்றவரின் சம்மதம் பெற வேண்டும். புரோக்கர் உங்களிடம் 'மனைவி கையெழுத்தும் வாங்கியாச்சு' என்று பெருமையாகக் காட்டுவாரே, அது இதனால்தான். நல்ல சட்டம். ஆனால் இன்னொரு முறை அந்த வேலிக்குள் போய்ப் பாருங்கள். சட்டம் கேட்பது பத்திரத்தில் பெயருள்ளவரின் மனைவியை. களை கொத்துகிறவர் அவர் மருமகள். விதவை மருமகள், கல்யாணமாகாத மகள், புருஷனை விட்டுத் திரும்பி வந்தவள், இவர்களிடம் சம்மதம் கேட்கச் சொல்லி எந்தப் படிவமும் சொல்லவில்லை. இன்னும் பல இடங்களில் பத்திரம் செத்துப்போன தாத்தா பெயரிலேயே கிடக்கிறது. அங்கே மனைவி என்று யாரைத் தேடுவது?

சொத்துப் பங்கீட்டிலும் அப்படித்தான். விவாகரத்தானால் ஆளுக்குப் பாதி என்று வரவேண்டிய 2013 சட்டத்தை, பங்களிப்புக்கு ஏற்றபடி என்று நாடாளுமன்றத்தில் மாற்றினார்கள். வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் பண்ணை வேலையும் பங்களிப்பில் சேரும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நிரூபிக்க வேண்டும். தானாகப் பாதி வந்துவிடாது, பங்களிப்பைக் காட்டியாக வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பத்தொன்பது வருடம் களை கொத்தியதற்கு யார் ரசீது கொடுத்தார்கள்?

கென்ய நிலக் கூட்டமைப்பு என்ற அமைப்பு 2013 முதல் 2017 வரை வழங்கப்பட்டவற்றில் சுமார் 10 லட்சம் பத்திரங்களை எடுத்து ஆண் பெண் கணக்கு பார்த்தது. பெண்கள் பெயரில் 10 சதவீதம் சொச்சம். பரப்பளவாகப் பார்த்தால் 2 சதவீதம்கூட இல்லை. இது காலனி காலத்துக் கணக்கு இல்லை, புது அரசியலமைப்பு வந்தபிறகு எடுத்தது. நம் ஊரில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் போட்டோம். எத்தனை வீட்டில் 'விடுதலைப் பத்திரம்' எழுதி வாங்கிவிட்டோம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் சட்டம் வேறு, பத்திரம் வேறு என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

'தரிசு' என்ற சொல்லுக்கு வருகிறேன். அதே சியாயாவில் யாலா சதுப்பு நிலம் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் வெறும் பாப்பிரஸ் காடு. பாப்பிரஸ் நம் கோரைக்கு நெருங்கிய சொந்தம். அதை அறுத்து, காயவைத்து, பாய் முடைந்து சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். வறட்சியில் மாடு மேய்வதும், பெண்கள் ஓரத்தில் கீரை போடுவதும் அங்கேதான். ஆனால் காகிதத்தில் அது காலனி அரசு ஒதுக்கிய பூர்வகுடி நிலம். பிறகு 'அறக்கட்டளை நிலம்' என்று பெயர் மாறி, உள்ளூர் மன்றங்களின் பொறுப்பில் இருந்தது. 2003-ல் அந்த மன்றங்கள் டொமினியன் ஃபார்ம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குச் சுமார் 6,900 ஹெக்டேரை 25 வருடத்துக்கு எழுதிக் கொடுத்தன. நெல் வந்தது, கொஞ்சம் வேலையும் வந்தது. கூடவே, தண்ணீர் ஏறி எங்கள் நிலம் மூழ்கியது, மேய்ச்சல் வழி அடைபட்டது என்ற புகார்களும் வந்தன. வருடக்கணக்கில் இழுபறி. 2017-ல் நிறுவனம் குத்தகை முடியும் முன்பே மூட்டை கட்டியது. கையெழுத்துப் போட்ட மன்றமும் சட்டப்படி சரி, வாங்கிய நிறுவனமும் சட்டப்படி சரி. கோரை அறுத்தவர்களை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நம்மவர் கதையும் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த, ரோஜா வளர்க்கும் நிறுவனம் கருதூரி, எத்தியோப்பியாவின் கம்பெல்லாவில் 2010-ல் ஒரு லட்சம் ஹெக்டேர் எடுத்தது, மூன்று லட்சம்வரை போகலாம் என்ற பேச்சோடு. குத்தகை ஹெக்டேருக்கு வருடம் 20 பிர், அது அந்த நாட்டு நாணயம். சும்மா கொடுத்த மாதிரி. 2011-ல் பாரோ ஆறு பெருகி மக்காச்சோளத்தை அடித்துப்போனது. அது வெள்ளம் வரும் சமவெளி என்று அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும், ஒப்பந்தத்துக்குத் தெரியாது. 2015-ல் அரசு ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. நிலம் முழுக்க அரசுக்குச் சொந்தமான நாட்டில் குத்தகை எவ்வளவு மலிவோ, அதைப் பிடுங்குவதும் அவ்வளவு எளிது.

'நாங்க வேலை கொடுப்போம் சார், பெண்களுக்குத்தான் முன்னுரிமை' என்று ஒருவர் போனில் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், அது என் தொழில். இன்று அந்தப் பெண் தன் மக்காச்சோளத்தில் வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார், மிச்சத்தை சந்தையில் விற்கிறார், அதில் வாரம் கொஞ்சம் 'சாமா'வில் போடுகிறார். சாமா என்றால் அங்கத்திய சீட்டு. பத்துப் பதினைந்து பெண்கள், மாதம் ஒருத்தருக்கு முறை. பத்திரம் இல்லாதவருக்கு வங்கிக் கதவு திறக்காது, அவருக்கு வங்கி அதுதான். பள்ளிக் கட்டணம், தகரக் கூரை, கறவை மாடு எல்லாம் அதிலிருந்து வந்தவை. நீங்கள் நிலத்தை எடுத்து அதே வேலியில் அவருக்கு நாள் கூலி கொடுத்தால் உங்கள் திட்ட அறிக்கையில் 'ஒரு வேலைவாய்ப்பு' என்று ஏறும். அவர் நோட்டில் ஒரு விவசாயி குறைவார். மழை பொய்த்தால் விவசாயி கிழங்கையாவது தோண்டுவார். கூலிக்காரரை நீங்கள் நாளை வரச் சொல்வீர்கள்.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே ஊர்கள் உண்டு. ருவாண்டா 1999-ல் மகளுக்கும் சம வாரிசுரிமை கொடுத்தது. பிறகு நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட துண்டுகளை அளந்து, சட்டப்படி மணமானவர்கள் நிலத்தில் இருவர் பெயரையும் எழுதியது. தான்சானியாவில் 1990-லேயே ஹொலாரியா பாஸ்தரி என்ற பெண், அப்பா எழுதிவைத்த குல நிலத்தை விற்றதற்காக உறவுக்கார ஆண் போட்ட வழக்கில் ஜெயித்தார். பெண் விற்கக் கூடாது என்ற வழக்கத்தை நீதிபதி தூக்கி எறிந்தார். உகாண்டாவில் இன்னும் சுவாரசியம். கணவன் மனைவி கூட்டு உரிமைக்கு 1998-ல் நாடாளுமன்றத்தில் ஒரு பிரிவு நிறைவேறியது என்றும், சட்டம் அச்சாகி வந்தபோது அது காணாமல் போயிருந்தது என்றும் மிரியா மட்டெம்பே முதலான பெண் உறுப்பினர்கள் கொதித்தார்கள். 'தொலைந்த பிரிவு' என்றே அதற்கு அங்கே பெயர்.

சரி, போவது என்று முடிவெடுத்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கென்யாவில் விவசாய நிலத்தைக் குடிமகன் அல்லாதவருக்கு மாற்ற நிலக் கட்டுப்பாட்டு வாரியம் ஒப்புதல் தராது. குத்தகையும் இதில் அடக்கம். ஜனாதிபதி விலக்கு கொடுத்தால்தான் உண்டு. 'உள்ளூர் ஆள் பெயரில் போட்டுக்கலாம்' என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பினாமி என்ற சொல்லை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்கு மேல் நான் கேட்பது: பத்திரத்தைப் பார்க்கும் முன் கைகளைப் பாருங்கள். இந்த நிலத்தில் போன மழைக்கு விதைத்தது யார், அறுத்தது யார், கல்லறை யாருடையது என்று கேளுங்கள். காலை வேளையில் ஊர்த் தலைவர் கூட்டும் ஆண்கள் கூட்டத்தோடு நிறுத்தாமல், வயல் வேலையும் சமையலும் முடிந்த நேரத்தில் பெண்களோடு தனியாக உட்காருங்கள், அவர்கள் மொழி பேசும் ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொண்டு. புரோக்கர் மொழிபெயர்க்கக் கூடாது. ஒப்பந்தம் அவர்கள் மொழியில் இருக்கட்டும். குத்தகைப் பணத்தில் உழுகிறவருடைய பங்கு அவருடைய எம்-பெசா எண்ணுக்கே, அதாவது போன்வழிப் பணக் கணக்குக்கே, போகட்டும். அங்கே கீரைக்காரிகூட போனில்தான் காசு வாங்குகிறார், அதனால் இது ஒரு சிரமமே இல்லை. எல்லாவற்றையும்விட, நிலத்தையே எடுக்காமல் விளைச்சலை மட்டும் ஒப்பந்தத்துக்கு எடுக்க முடியுமா என்று யோசியுங்கள். கென்யாவின் சிறு தேயிலை விவசாயிகள் அப்படித்தான் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார்கள். அதிலும் பணம் யார் பெயரில் பதிவோ அவருக்கே போகிறது, பறிப்பது பெரும்பாலும் பெண் என்ற சிக்கல் உண்டு. ஆனால் வேலி அவர்களிடம் இருக்கிறது.

இதையெல்லாம் செய்தால் செலவு கூடும், ஆறு மாதம் தாமதமாகும், சிலர் 'முடியாது' என்றே சொல்லிவிடுவார்கள். அந்த 'முடியாது' இப்போதே தெரிவது நல்லது. யாலாவுக்கு அது பதினான்கு வருடம் கழித்துத் தெரிந்தது.

ஈரோட்டு நண்பர் அந்த நிலத்தை எடுக்கவில்லை. மனம் மாறியதால் இல்லை. லாரி வரும் பாதை மழையில் தாங்காது என்று கணக்குப் போட்டுவிட்டார். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று கிளம்பும்போது முடிவு எதுவும் ஆகவில்லை. அந்தப் பெண் ஜெம்பேயை வேலியில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நிலம் கைமாறப் போவதாக அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் செருப்பையும் அளவு நாடாவையும் பார்த்து அவரே புரிந்துகொண்டார். மெதுவாக, நான் புரிந்துகொள்ளும்படி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்:

"மார்ச் மாத மழைக்கு நான் விதை வாங்கலாமா, வேண்டாமா?"

அன்புடன்,
நைரோபியில் கணக்கு எழுதியவன்